புதிய இங்கிலாந்திற் சமயமும் அரசும்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் எச்சமயத்தையும் அரசின் சமயமாகக் கொள்ளாதவை என்பது யாவரும் அறிந்ததே. அந்நாட்டு அரசியற் சட்டத்தில் 1791-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், ஒரு சமயத்தை நிலைநாட்டுதற்கோ, மக்கள் தத்தம் சமய ஒழுக்கத்தில் நிற்றலைத் தடுத்தற்கோ பேரவை சட்டம் இயற்றலாகாதென விதிக்கின்றது. இதனைக் காண்பார் பலர், அந்நாடு சமயத்திற் பற்றுக் குறைந்தோரால் அமைக்கப்பட்டதென்றும், அப்பற்றின்மையே அவ்விதிக்குக் காரணமென்றும் கருதுவர். வரலாறு அங்ஙனங் கூறவில்லை. அந்நாட்டின் வடகீழ்ப் பகுதியாகிய புதிய இங்கிலாந்தின் தலைமைக் குடியேற்றத்தில் வாழ்ந்தோர், இறைவனருள் ஒருவர்பாற் பதிந்ததா இல்லையா என்பதனை ஊரார் கூடி ஆராய்ந்து, பதிந்ததெனத் தெளிந்தோர்க்கே சபையிலும் அரசிலும் உரிமை வழங்கிய கடும் பற்றாளர் ஆவர். அவ்வாராய்ச்சி என்னென்ன விளைத்தது என்பதும், அதனின்றே மனச்சான்றின் உரிமை எவ்வாறு பிறந்தது என்பதும் அறியற்பாலன.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசம் ரோமாபுரித் திருச்சபையினின்று பிரிந்தபொழுது அரசனே சபைக்குந் தலைவனாயினான். பிஷப்மாரும், குருமாரின் உடைகளும், சடங்குகளும் பெரும்பாலும் முன்போலவே நின்றன. இவை வேதாகமத்திற் காணப்படாதன, ஆகலின் களையத்தக்கன என்றாரைப் பிறர் 'பியூரிட்டன்' என எள்ளி அழைத்தனர். தூய்மை வேண்டுவோர் என்பது அதன் பொருள். அவர் தழுவிய கோட்பாடு கால்வின் என்பாரது. இன்னார் வீடு பெறுவர், இன்னார் பெறார் என்பதனை உலகந் தோன்றுமுன்னரே இறைவன் வரைந்துவிட்டனன். நற்செயல் எத்துணைச் செய்யினும் அவ்வரையறை மாறாது. நற்செயல் அருளின் பயனாமன்றி அருளுக்கு விலையாகாது என்பது அதன் சாரம். இங்ஙனமாயின், தாம் தெரிந்துகொள்ளப்பட்டோர்தாமோ என்னும் ஐயம் ஒவ்வொருவர் நெஞ்சையும் அரித்தல் இயல்பே. அவ்வையந் தீர வழி ஒன்றே. அருள் இறங்கிய அடையாளங்களைத் தம்முள்ளே தேடிக் காணல்.

இவருள் ஒரு சிறு கூட்டத்தார் அரசன் சபையை முற்றுந் துறந்து ஆலந்து நாட்டு லெய்டன் நகரிற் சில்லாண்டு வாழ்ந்தனர். பின்னர் அவருட் சிலரும் பிறரும் சேர்ந்து 102 பேராக 1620-ஆம் ஆண்டில் 'மேபிளவர்' என்னுங் கப்பலில் அமெரிக்கா போந்தனர். கரையிறங்குமுன் ஆடவர் 41 பேர் கையொப்பமிட்டுத் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, பிளிமத் என்னும் ஊரை அமைத்தனர். முதற் பனிக்காலத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். பெரிய குடியேற்றம் இதனின் வேறு. 1630-இல் ஜான் வின்திராப் என்பார் தலைமையில், அரசன் அளித்த பட்டயத்தையும் உடன்கொண்டு, ஏறக்குறைய 1,000 பேர் மாசசூசெட்ஸ் கடற்கரையை அடைந்தனர். பட்டயம் இலண்டனில் இல்லாமை அவர்க்குப் பெருநன்மையாயிற்று. வாணிகச் சங்கமொன்றின் பட்டயமே ஒரு நாட்டின் அரசியலாக மாறிவிட்டது. அடுத்த பத்தாண்டிற் புதிய இங்கிலாந்து வந்தோர் தொகை ஏறக்குறைய 20,000 என்பர்.

இங்கிலாந்தில் ஒரு பங்கிற் பிறந்தாரெல்லாம் அப்பங்கின் சபைக்கு உரியர். புதிய நாட்டிலோ, பிறப்பும் திருமுழுக்கும் நல்லொழுக்கமும் மட்டும் போதா எனக் கொள்ளப்பட்டது. சபையிற் சேர விரும்புவார் யாவரும் சபையார் முன் நின்று, அருள் தம் உள்ளத்தே செய்த தொழிலை வாய்திறந்து கூறல் வேண்டும். தம் பாவத்தை உணர்ந்தது எப்போது, தம்மால் ஆவது ஒன்றுமின்மை தெளிந்தது எங்ஙனம், எச்சொற்பொழிவில் எவ்வேத வாக்கியம் நெஞ்சிற் பாய்ந்தது, பின்னர் எழுந்த ஐயங்கள் யாவை என இவையெல்லாங் கூறக் கேட்டு, சபையார் வினாவி, உடன்பட்டால் அவர் சேர்க்கப்படுவர். ஐயம் சிறிதுமின்றி முழுவுறுதி பேசுவார்மேற் சபையார்க்கு ஐயம் மிகும் என்பது இதிற் சுவையானதொரு செய்தி. கேம்பிரிட்ஜ் என்னும் ஊரின் குருவாகிய தாமஸ் ஷெப்பர்டு, 1638 முதலாகத் தம் சபையார் கூறியவற்றைத் தங்கைப்படக் குறித்து வைத்த ஏடு இன்றும் உளது. அதில் 50-க்கு மேற்பட்டோரின் வாய்மொழி காணப்படும். கல்லூரி மாணாக்கரும், வணிகரும், அவர்தம் மனைவியரும், வீட்டுவேலை செய்யும் பெண்டிரும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர். எளிய பணிப்பெண்ணொருத்தியின் உள்ளப்போக்கை ஊர் முழுதும் அமர்ந்து கேட்ட வழக்கம் அக்காலத்து உலகிற் பெரிதும் அரியது.

பாஸ்டனுக்குத் தென்மேற்கிலுள்ள டெடம் என்னும் ஊர் 1636-இல் அமைந்தது. அவ்வூரார் ஒருவரையொருவர் அறியாதவராய்ப் பலவிடங்களிலிருந்து வந்தோர். அவர் உடனே சபை கூட்டினாரல்லர். வாரந்தோறும் ஒருவர் இல்லத்திற் கூடி, சபை என்பது யாது, அதற்குரியார் யாவர் என்று உசாவினர். தகுதியுடையார் எனத் தெளியப்பட்ட ஒரு சிலரே முதற்கண் உடன்படிக்கை செய்ய, 1638-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் சபை அமைந்தது. இவ்வூரைப்பற்றிப் பின்னரும் கூறவேண்டுவதுண்டு.

அரசியலும் இவ்வளவைகொண்டே நடந்தது. 1631-இல் மாசசூசெட்ஸ் பொதுமன்றம், சபையின் உறுப்பினரல்லாதார்க்கு வாக்குரிமை இல்லையென விதித்தது. ஆயினும் குருமார் அரசுப்பதவி வகித்தாரல்லர். திருமணம் நடத்தி வைத்தலும் நீதிபதியின் செயலாகவே இருந்தது. ஆதலின் குருமாரே ஆண்டனர் எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. உரிமை சிலர்க்கே ஆயினும், கடமை எல்லார்க்கும் உண்டு. சபையிற் சேராதாரும் ஞாயிறுதோறும் தொழுகைமனைக்கு வருதல் வேண்டும். குருவின் ஊதியத்திற்கு வரியும் இறுத்தல் வேண்டும். கிறிஸ்து பிறந்தநாள் விழா வேதத்தில் விதிக்கப்படாதது என்று கூறி, 1659 முதல் 1681 வரை அதனைக் கொண்டாடுவார்க்கு ஐந்து ஷில்லிங் தண்டமும் விதித்திருந்தனர்.

அருளின் வாயில் வேதமாதலின் அதனை யாவரும் ஓதவல்லராதல் இன்றியமையாததாயிற்று. 1636-இற் பொதுமன்றம் 400 பவுன் ஒதுக்கி ஒரு கல்லூரி நிறுவ முடிவு செய்தது. ஜான் ஹார்வர்டு என்னும் இளங்குரு 1638-இல் இறக்குந்தறுவாயில் தம் பொருளிற் பாதியையும் ஏறக்குறைய 400 நூல்களையும் அதற்கு அளிக்கவே, கல்லூரி அவர் பெயர் பெற்றது. 1640-இல் அங்கு அச்சிடப்பெற்ற சங்கீதப் புத்தகமே இன்றைய ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பில் அச்சேறிய முதல் நூல். 1,700 படிகள் அச்சிட்டனர் என்பர். இன்று எஞ்சியன 11. 1647-ஆம் ஆண்டுச் சட்டம், 50 வீடுகளுள்ள ஊர் எழுத்தறிவிக்கும் ஆசானொருவனை அமர்த்துக என்றும், 100 வீடுகளுள்ள ஊர் இலத்தீன் இலக்கணப் பள்ளி நடத்துக என்றும் பணித்தது. வேதத்தை மக்கள் அறியாவகை மறைத்தல் சாத்தானின் சூழ்ச்சி, அதனைத் தடுத்தற்கே இச்சட்டம் என அதன் முகவுரையே கூறும். அமெரிக்கப் பொதுக்கல்வியின் வேர் இதுவாகும்.

இனி, இவ்வமைப்பை முதலில் உடைத்தவர் சமயப்பற்று மிக்க ஒருவரே என்பது நோக்கத்தக்கது. 1631-இல் வந்த ரோஜர் வில்லியம்ஸ் என்னும் இளங்குருவைப் பாஸ்டன் சபையார் தம் ஆசிரியராக வேண்டினர். இங்கிலாந்தின் சபையோடு உள்ள தொடர்பை முற்றும் அறுக்காத நுமக்குத் தொண்டு செய்யேன் என அவர் மறுத்தார். ஆணையிட்டுரைத்தல் ஒருவகை வழிபாடு. அருள்பெறாதானை ஆணையிடுமாறு அரசு வற்புறுத்துதல் இறைவன் திருப்பெயரை வீணாக்குவித்தலாம் என்றார். கடவுள் வழிபாடு பற்றிய கட்டளைகளை நீதிபதி நடத்தலாகாது என்றார். அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தை அவர்பால் விலைகொள்ளாது வழங்க இங்கிலாந்தின் அரசனுக்கு உரிமை யாது என்றும் வினவினார். 1635-இல் அவரை நாடு கடத்த விதித்தனர். கப்பலேற்றி இங்கிலாந்திற்கு அனுப்ப ஆள் வருமுன், 1636 தொடக்கத்தில் கடும்பனியில் நடந்து சென்று, நாரகான்செட் பழங்குடியினரின் தலைவர்பால் நிலம்பெற்றுப் பிராவிடன்ஸ் என்னும் ஊரை அமைத்தார். அவ்வூரார் உடன்படிக்கை, உலகியற் காரியங்களில் மட்டுமே பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுவோம் என்பதாகும்.

அருள்பெற்றாரை மட்டுமே சபையிற் கொள்ளல் வேண்டுமென்பதில் வில்லியம்ஸ் மற்றெவரினும் கடியர். அருளுற்றாரெனத் தாம் தெளியாதாரோடு கூடி வழிபடவும் ஒருப்படாமல், ஒருகாலத்துத் தம் மனைவியரோடன்றிப் பிறரோடு இராப்போசனம் கொள்ளாராயினர் என வின்திராப் தம் நாட்குறிப்பிற் குறித்துள்ளார். இக்கடுமையின் எல்லையில் அவர் கண்டது வியப்பானது. எவர் அருள்பெற்றார் என்பதனை மனிதர் தெளிதல் இத்துணை அரிதாயின், வாளேந்திய அரசு அதனை எங்ஙனந் தெளியும்? 1644-இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், சபையை ஒரு தோட்டமாகவும் உலகை ஒரு காடாகவும் உருவகித்து, இடையே உள்ள சுவர் இடிந்தமையாற் காடு தோட்டத்துட் புகுந்தது என்றார். சுவர் வேண்டுவது தோட்டத்தைக் காத்தற்கென்பது அவர் கருத்து. யூதர், துருக்கர், புறச்சமயத்தார் யாவர்க்கும் வழிபாட்டுரிமை உண்டென்றும் அவர் வாதித்தார். பிறர் கொள்கையைத் தவறென்றுரைத்தலை அவர் விட்டாரல்லர். எழுபதை அணுகிய மூப்பில், 1672-இல், தாமே படகு வலித்துச் சென்று நியூபோர்ட்டிற் குவேக்கர்களோடு நாட்கணக்கில் வாதிட்டார். ஆயினும் அவர் ஊரில் எக்குவேக்கரும் சமயத்திற்காகச் சிறைப்பட்டிலர்.

மாசசூசெட்ஸிலோ நிகழ்ந்தது வேறு. ஆன் ஹட்சின்சன் என்னும் அம்மையார், மருத்துவத் துணையும் மகப்பேற்றுத் துணையும் புரிந்து பெண்டிரிடை நன்மதிப்புற்றவர். தம் இல்லத்திற் கூட்டங் கூட்டிச் சொற்பொழிவுகளை ஆராய்ந்து பேசினார். நல்லொழுக்கத்தை அருளின் அடையாளமாகக் காட்டும் குருமார் உண்மையிற் செயலையே போதிக்கின்றனர் என்றார். இவ்வுரை சபையிற் சேர்க்கும் அளவையையே அசைத்தது. 1637-இல் மன்றத்தார் வினவியபொழுது அவர் வேதவாக்கியங்களால் அவர்களை மடக்கினார். இறுதியில், இறைவன் தமக்கு நேரே உணர்த்துகின்றனன் என்று கூறிய ஒரு சொல்லே அவரை நாடு கடத்தப் போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டு சபை அவரை விலக்கியபொழுது, மேரி டையர் என்னும் நங்கை அவர் கைபற்றி உடன் வெளியேறினார். அம்மேரி டையர் பின்னர்க் குவேக்கரானார். குவேக்கர் என்போர் ஒவ்வோருயிரின் உள்ளத்தும் இறையொளி உண்டென்று கூறி, குருமாரையும் சடங்குகளையும் நீத்தவர். நாடு கடத்தப்பட்டும் மீளும் குவேக்கர்க்குக் கொலைத்தண்டம் என 1658-இற் சட்டம் பிறந்தது. 1659-இல் இருவர் தூக்கிலிடப்பட்டனர், டையர் அம்மையார் ஒருமுறை தூக்குமரத்தடியினின்று விடுவிக்கப்பட்டும் மீண்டுவந்து 1660-இல் உயிர் நீத்தார், 1661-இல் மற்றொருவர். அவ்வாண்டில் இரண்டாஞ் சார்லஸ் மன்னன் விடுத்த ஓலையே இக்கொலையை நிறுத்திற்று. எந்த அரசன் சபைக்கு அஞ்சி ஓடிவந்தனரோ, அவ்வரச மரபினன் ஓலையே அவர் கையைத் தடுக்க வேண்டியதாயிற்று.

பழங்குடியினர்க்கும் இவ்வளவையே வைக்கப்பட்டது. ஜான் எலியட் என்னும் குரு அவர் மொழியைக் கற்று, 1663-இல் வேதாகமம் முழுமையும் அம்மொழியில் அச்சிட்டனர். அமெரிக்கக் கண்டத்தில் அச்சேறிய முதல் முழு வேதாகமம் ஆங்கிலத்ததன்று, இதுவே. நேட்டிக் என்னும் ஊரிற் குடியமர்த்தப்பட்ட பழங்குடிக் கிறித்தவர் 1652-இல் ஆங்கிலக் குருமார் முன் தம் உள்ளத்து நிகழ்ந்தவற்றைத் தம்மொழியிற் கூறினர். கேட்டோர் தெளிவுறவில்லை, அவர்க்குச் சபை அமைந்தது 1660-இலேதான். 1675-இற் பழங்குடியினர்க்கும் ஆங்கிலேயர்க்கும் கொடும்போர் மூண்டபொழுது, அக்கிறித்தவரையும் பகைவரென ஐயுற்றுப் பாஸ்டன் துறைமுகத்து மான்தீவிற் கொண்டு சென்று விட்டனர். உணவும் உறையுளும் இன்றி அப்பனிக்காலத்திற் பலர் மடிந்தனர். எண்ணாண்டு ஆராய்ந்து அருளுற்றார் என ஏற்கப்பட்டோர்க்கு அவ்வேற்பு ஒரு போர்வைக்கும் உதவவில்லை.

குடியேறினாரின் மக்கள் காலத்தில் வேறொரு இடர் தோன்றிற்று. அவர் ஒழுக்கமுடையர், வேதம் கற்றவர், ஆயினும் பெற்றோர்போல் உள்ளத்து நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கூற நா எழவில்லை. சபையிற் சேராதார் மக்கட்குத் திருமுழுக்கு இல்லையாயின் பேரர் புறச்சமயத்தார் போலாவரன்றோ? 1662-இற் கூடிய குருமார் பேரவை, அன்னார் மக்கட்குத் திருமுழுக்கு உண்டு, ஆனால் இராப்போசனமும் சபை வாக்கும் அவர்க்கில்லை என முடிவு செய்தது. இதனைப் 'பாதிவழி உடன்படிக்கை' எனப் பிறர் நகைத்தனர். 1691-இன் புதுப்பட்டயம் வாக்குரிமையைச் சபையினின்று பிரித்துச் சொத்துடைமையோடு பிணித்தது. மறுவாண்டு சேலம் ஊரின் சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். கண்ணுக்குப் புலனாகா உருவங்களைக் கண்டேமென்ற சிறுமியர் சொல்லைச் சான்றெனக் கொண்டனர். நீதிபதியருள் ஒருவராகிய சாமுவேல் சூவல் 1697-இல் சபையில் எழுந்து நின்று, தம் பழியை ஒப்புக்கொண்ட ஓலையைக் குருவாற் படிப்பித்தார். அகத்தை அளக்கவல்லேம் என்ற துணிவுக்கு அன்று விழுந்த அடி பெரிது.

இடையே தமிழ்நாட்டுத் தொடர்பொன்றுங் கூறலாம். கனெக்டிகட்டின் குருமார் 1701-இல் நிறுவிய கல்லூரி பொருளின்றித் தளர்ந்தபொழுது, 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் தலைவராயிருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய எலிஹூ யேல் என்பார் 1718-இல் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், மன்னன் முதலாம் ஜார்ஜின் உருவப்படமும் அனுப்பினார். கல்லூரி அவர் பெயரே பெற்றது. அவரோ இங்கிலாந்தின் அரசசபையைச் சார்ந்தவர், பியூரிட்டன் அல்லர். சென்னையில் ஈட்டிய பொருள் கால்வின் கோட்பாடு கற்பிக்கும் கழகத்தைத் தாங்கிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அருளாராய்ச்சி மீண்டும் எழுந்தது. நார்தாம்டன் ஊரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்னும் பேரறிஞர் குருவாயிருந்தார். அவர் பாட்டனார் சாலமன் ஸ்டாடர்டு, எவர் அருளுற்றார் என்பது மனிதர்க்குத் தெரியாதாகலின் ஒழுக்கமுடையார் யாவரும் இராப்போசனத்திற்கு வருக என வாயிலைத் திறந்து வைத்தவர். எட்வர்ட்ஸ், மெய்யருளின் அடையாளங்கள் இவையெனவும் போலி இவையெனவும் 1746-இல் ஓர் அரிய நூல் இயற்றினார். பின்னர்ப் பாட்டனார் திறந்த வாயிலை அடைக்க முயன்றார். 23 ஆண்டு அவர் சொற்கேட்ட அவ்வூர்ச் சபையே 1750-இல் அவரை நீக்கிற்று.

ஆயினும் 1740-ஐ ஒட்டி ஜார்ஜ் ஒயிட்பீல்டு முதலியோரின் திறந்தவெளிச் சொற்பொழிவாற் கனன்ற தீ அவியவில்லை. புதுவுணர்வு பெற்றார் பலர் பழஞ்சபைகளை நீங்கித் தனிக்கூட்டம் அமைத்தனர். அவருட் பலர் பாப்டிஸ்டு ஆயினர். சிசுவிற்குத் திருமுழுக்குத் தகாது, அருளுணர்ந்தார்க்கே அது தகும் என்பது அவர் கொள்கை. ஆனால் ஊர்க்குருவின் வரி அவரையும் விட்டிலது. 1752-இல் நார்விச் ஊரிற் கைம்பெண்ணொருத்தி அவ்வரி இறாமையாற் சிறைப்பட்டாள். அவள் மகன் ஐசக் பாக்கஸ் என்னும் பாப்டிஸ்டுக் குரு. அவர் 1773-இல் வெளியிட்ட நூல், சமயம் உயிர்க்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. அதனை வரியால் வளர்த்தல் அதனைக் கெடுத்தலே என வாதிக்கும். ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்னர் நாடு கடத்தப்பட்ட வில்லியம்ஸின் குரல் இதில் மீண்டும் கேட்கின்றது.

தென்பகுதியாகிய வர்ஜீனியாவில் இங்கிலாந்துச் சபையே அரசின் சபை. அங்குச் சமயம் மக்களை இத்துணை ஆட்கொண்டிலது. திருமுழுக்குப் பெற்ற அடிமை அதனால் விடுதலை பெறான் என 1667-இற் சட்டமியற்றியதே அச்சபையும் அரசும் நின்ற நிலையைக் காட்டும். ஆயினும் அங்கும் சிறைப்பட்ட பாப்டிஸ்டுகளின் விண்ணப்பங்களே, ஐயவாதியான ஜெபர்சன் வரைந்த சமய உரிமைச் சட்டத்தை 1786-இல் மாடிசன் நிறைவேற்றுதற்குத் துணைநின்றன. நம்பிக்கையில் அழுந்தியோரும், அதில் ஐயுற்றோரும் ஒரே வாயிலில் வந்து கூடினர். 1802-இல் ஜெபர்சன் அரசுக்கும் சபைக்கும் இடையே ஒரு சுவர் என எழுதியதும் கனெக்டிகட்டின் பாப்டிஸ்டு சங்கமொன்றிற்கே. அவர் அரசைக் காக்க நினைந்தார், வில்லியம்ஸ் தோட்டத்தைக் காக்க நினைந்தார், சுவர் ஒன்றே.

முதல் திருத்தம் அந்நாளில் மத்திய அரசையே கட்டுப்படுத்திற்று, தனிநாடுகளை அன்று. கனெக்டிகட்டிற் குருவரி 1818 வரையும், மாசசூசெட்ஸில் 1833 வரையும் நின்றது. யாழ்ப்பாணத்தார்க்கு இது தொடர்புடைய செய்தியாம். 1810-இல் மாசசூசெட்ஸில் அமைந்த அயல்நாட்டு மிஷன் சங்கம் விடுத்த பாதிரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் போந்து, 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். அதன் தலைவராயிருந்த டானியல் பூவர் பிறந்த டான்வர்ஸ் என்பது, சூனிய வழக்குத் தோன்றிய பழைய சேலம் சிற்றூரே. அவர் தமிழரிடைப் பிரசங்கஞ் செய்த முதற் பதினேழாண்டும், அவர் பிறந்த நாட்டில் அரசு சமயவரி தண்டிக்கொண்டுதான் இருந்தது.

அவ்வரி ஒழிந்தது முற்கூறிய டெடம் ஊரின் வழக்கொன்றால் விரைவுற்றது. 1818-இல் அவ்வூரின் குருப்பதவி ஒழிவுபட, வரியிறுப்போர் அனைவருங் கூடிய பங்கினர் யூனிடேரியன் கொள்கையுடைய ஒருவரைத் தேர்ந்தனர். இறைவன் ஒருவனே, மூவராகான் என்பது அக்கொள்கை. சபையின் உறுப்பினருட் பெரும்பாலோர் அவரை ஏலாது, ஏடுகளையும் பாத்திரங்களையும் கைக்கொண்டு வெளியேறினர். வழக்கு உயர்மன்றம் சென்றது. பங்கினின்று பிரிந்த சபைக்குச் சட்டத்தில் இருப்பே இல்லை. சொத்து முழுதும் பங்கினர்க்கே உரியது என 1820-இல் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வாரந்தோறும் கூடி அருளுற்றாரைத் தேடியெடுத்து அமைத்த ஊரில், அவர் வழிவந்தோர் ஓலையும் பாத்திரமும் இழந்து நின்றனர். வேறு பல ஊர்களிலும் இங்ஙனமே நிகழவே, அதுகாறும் வரியைக் காத்துநின்ற பழங்கொள்கையினரும் அதனை ஒழிக்க வாக்களித்தனர். டெடம் ஊரின் பசும்புல்வெளியருகே பழைய சபையின் கோயிலும், பிரிந்தோர் எழுப்பிய கோயிலும் இன்றும் எதிரெதிரே நிற்கின்றன.